தட்டி விழுந்த சத்தம்



1777ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் இரவு, ஒன்பது மணி இருக்கும். 12 வயதுப் பள்ளிச் சிறுவன் ஒருவன் லண்டனில் ட்ரூரி லேன் நாடக அரங்கை ஒட்டிய சந்து வழியாக நடந்து போய்க்கொண்டிருந்தான். திடீரென்று பேரிரைச்சல். கட்டடம் தலைமேல் இடிந்து விழுகிறது என்று நினைத்து ஓட்டம் பிடித்தான். மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது. உள்ளே நடந்த புதிய நாடகத்தின் நான்காம் அங்கத்தில் ஒரு மறைப்புத் தட்டி கீழே விழுந்திருக்கிறது. அதைக் கண்டு அரங்கு நிறைந்த கூட்டம் மொத்தமாகச் சிரித்துக் கைதட்டிய சத்தம்தான் அது. ஃபிரெடெரிக் ரெனால்ட்ஸ் என்ற அந்தச் சிறுவன் பின்னாளில் தானும் நாடக ஆசிரியராகி, தன் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதிவைத்தார்.

இன்றைய உரை அந்தத் தட்டியைப் பற்றியது. அழைப்பிதழில் 'பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நகைச்சுவை நாடகம்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு நூற்றாண்டைச் சொல்லி முடிக்க எனக்குத் திறமை போதாது, உங்களுக்கும் பொறுமை போதாது. ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடனின் 'தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்' என்ற ஒரு நாடகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தமிழில் அதை 'வம்புப் பள்ளி' என்று அழைக்கலாம். விழுந்த தட்டி எதைக் காட்டியது என்பது பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அதே மேடையில் விழாமல் நின்ற இன்னொரு தட்டியும் உண்டு என்பது என் எண்ணம்.

முதலில் பெயர்ச் சிக்கல். இவ்வகை நாடகத்தை 'காமெடி ஆஃப் மேனர்ஸ்' என்கிறார்கள். 'மேனர்ஸ்' என்பதை ஒழுக்கம் என்று மொழிபெயர்த்தால் தவறு. இந்த நாடகங்களில் குறைவாக இருப்பதே அதுதான். நடத்தை என்றால் சான்றிதழ் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தச் சொல் நம் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. விருந்தாளி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்த பையனை 'மேனர்ஸ் தெரியாதவன்' என்கிறோம். அவன் கெட்டவன் என்று அதற்குப் பொருள் இல்லை. பத்துப் பேர் பார்க்கும்போது எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கத் தெரியவில்லை, அவ்வளவே. அந்தப் 'பத்துப் பேர் பார்க்கும்போது' என்பதில்தான் இந்த நாடகங்களின் உயிர் இருக்கிறது. நான் இதைப் பாவனை நகைச்சுவை என்று சொல்லப் பழகிவிட்டேன்.

பார்ப்பது என்றேன். அன்றைய அரங்கில் பார்த்தது யார் யாரை? இன்று விளக்கை அணைத்துவிட்டு நம்மை இருட்டில் உட்கார வைக்கிறார்கள். அப்போது அப்படி இல்லை. மேடையிலும் மெழுகுவத்தி, பார்வையாளர் பக்கத்திலும் மெழுகுவத்தி, இரண்டும் கடைசி வரை எரிந்தன. பக்கத்து அறையிருக்கைகளில் 5 ஷில்லிங் கொடுத்த சீமாட்டி, கீழே தரைத்தளத்தில் 3 ஷில்லிங் கொடுத்த வழக்கறிஞர், முதல் மாடத்தில் 2 ஷில்லிங் கொடுத்த கடைக்காரர், உச்சி மாடத்தில் 1 ஷில்லிங் கொடுத்த வேலைக்காரர், எல்லோருக்கும் எல்லோரும் தெரிந்தார்கள். மேடையில் ஒருத்தி இன்னொருத்தியின் முகப்பூச்சைக் கேலி செய்தால், எதிர்வரிசையில் யார் விசிறியை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்கிறாள் என்று பார்க்கத் தோதான வெளிச்சம் இருந்தது. மூன்றாம் அங்கம் முடிந்த பிறகு வந்தால் அரைக் கட்டணம் என்ற வழக்கமும் இருந்தது. 1763இல் அதை நிறுத்தப் பார்த்தபோது கலகம் மூண்டு ட்ரூரி லேன் அரங்கின் உட்புறத்தையே உடைத்துப் போட்டார்கள். நாடகம் பார்ப்பதில் அவ்வளவு உரிமை கொண்டாடிய கூட்டம் அது.

அந்தக் கூட்டத்துக்கு எழுதுவதில் ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. 1737இல் வால்போல் அரசு கொண்டுவந்த உரிமச் சட்டம், வசன நாடகத்தை லண்டனில் ட்ரூரி லேன், கவென்ட் கார்டன் என்ற இரண்டு அரங்குகளுக்குள் சுருக்கிவிட்டது. ஹேமார்க்கெட் அரங்குக்குப் பின்னால் கோடைக்கால அனுமதி மட்டும் கிடைத்தது. ஒவ்வொரு புதிய நாடகமும் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லினின் அலுவலகத்தில் ஒப்புதல் பெற வேண்டும். அந்தத் தணிக்கை 1968 வரை உயிரோடு இருந்தது என்பதை மாணவர்கள் கவனிக்கலாம். அரசியலை மேடையில் பேச முடியாது என்றானபின், பேசுவதற்கு மிஞ்சியது வரவேற்பறை.

அந்த வரவேற்பறையையும் நடுவில் ஒரு கூட்டம் கண்ணீரால் நனைத்து வைத்திருந்தது. 1698இல் ஜெரமி காலியர் என்ற பாதிரியார் நாடகங்களின் ஆபாசத்தைக் கடிந்து ஒரு நூல் எழுதினார். அதன்பின் சிரிக்கவே கூச்சப்படும் நகைச்சுவை நாடகங்கள் வரத் தொடங்கின. 1722இல் ஸ்டீல் எழுதிய 'தி கான்ஷியஸ் லவ்வர்ஸ்' அந்த வழிக்கு இலக்கணம். நல்லவர்கள் நல்லவர்களாகவே இருந்து, நல்ல வசனம் பேசி, நம்மை அழவைத்து அனுப்புவார்கள். 1768இல் கோல்ட்ஸ்மித் தன் நாடகத்தில் கடன் வசூலிக்க வந்த அமீனா ஆட்களை மேடையேற்றியபோது, அது தரக்குறைவு என்று கூச்சலிட்டார்கள். 1773இல் அவர் திருப்பி அடித்தார். சிரிப்பு நாடகமா, கண்ணீர் நாடகமா என்று ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு மாதம் கழித்து, மார்ச் 15ஆம் நாள், 'ஷி ஸ்டூப்ஸ் டு காங்கர்' கவென்ட் கார்டனில் அரங்கேறியது. ஒரு வீட்டைச் சத்திரம் என்று நினைத்து, வருங்கால மாமனாரைச் சத்திரக்காரர் என்று அதட்டும் மாப்பிள்ளையின் கதை. அடுத்த ஆண்டே கோல்ட்ஸ்மித் இறந்துபோனார்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? கோல்ட்ஸ்மித் அயர்லாந்துக்காரர். ஷெரிடன் டப்ளினில் பிறந்தவர். ஸ்டீல், ஃபார்க்கர், மேக்லின், மர்ஃபி, கெல்லி என்று எண்ணிக்கொண்டே போகலாம். காங்கிரீவ் இங்கிலாந்தில் பிறந்தாலும் படித்து வளர்ந்தது அயர்லாந்தில். ஆங்கிலேயரின் பாவனையை மேடையேற்றிய பெயர்களில் பாதி, அந்தப் பாவனையைப் பிறகு கற்றுக்கொண்டவர்களுடையது. புக்ககம் வந்த மருமகளுக்குத்தான் அந்த வீட்டு வழக்கங்கள் கண்ணில் படும். அங்கேயே பிறந்த பெண்ணுக்கு அவை காற்று மாதிரி.

ஷெரிடனின் தந்தை தாமஸ் ஷெரிடன் நடிகர், அரங்க நிர்வாகி. பிறகு ஆங்கிலத்தைச் சரியாக உச்சரிப்பது எப்படி என்று ஆங்கிலேயருக்கே பாடம் நடத்திய அயர்லாந்துக்காரர். அகராதியும் தொகுத்தார். தாய் ஃபிரான்சிஸ் ஷெரிடன் நாவலாசிரியர், நாடக ஆசிரியர். அவர் அரைகுறையாக விட்டுப்போன ஒரு நாடகத்தில் சொற்களை மாற்றிப் போட்டுப் பேசும் ஒரு பெண்மணி வருகிறாள். மகன் அவளை எடுத்து வளர்த்து, 1775இல் 'தி ரைவல்ஸ்' நாடகத்தில் மிஸஸ் மாலாப்ராப் ஆக்கினார். படித்தவளாகக் காட்டிக்கொள்ள ஆசை, வாயில் வருவதெல்லாம் பக்கத்து வீட்டுச் சொல். நம் மேடையில் ஒருவர் 'தலைவர் ஆற்றிய சீரிய உரை' என்பதைச் 'சீறிய உரை' என்று எழுத்து மாற்றிப் படித்தால் எப்படி இருக்குமோ, அப்படி. உச்சரிப்பு வாத்தியாரின் மகன் இதை எழுதினார் என்பதில் ஒரு குடும்பச் சண்டையின் வாடை வீசுகிறது என்று எனக்குத் தோன்றும். முதல் இரவில் அந்த நாடகம் தோற்றது. நீளம் அதிகம், ஒரு நடிகர் சரியில்லை. ஷெரிடன் அதைத் திரும்பப் பெற்று, வெட்டித் திருத்தி, நடிகரையும் மாற்றிப் பதினோரு நாளில் மீண்டும் மேடையேற்றி வென்றார். வயது 23.

வம்பைப் பற்றி எழுத அவருக்குப் பட்டறிவு இருந்தது. பாத் நகரத்தில் எலிசபெத் லின்லி என்ற பேரழகியான பாடகி. வயதான செல்வர் ஒருவருக்கு அவரை மணம் பேசி அது முறிந்துபோன கதையை, சாமுவேல் ஃபூட் என்ற நையாண்டிக்காரர் 1771இல் 'தி மெய்ட் ஆஃப் பாத்' என்று நாடகமாகவே போட்டுவிட்டார். 1772இல் எலிசபெத்தும் ஷெரிடனும் பிரான்சுக்கு ஓடிப்போனார்கள். அந்தப் பெண்ணைத் தொல்லை செய்துவந்த மேத்யூஸ் என்ற மணமான மனிதர், ஷெரிடனைப் பொய்யன் என்று பாத் நகரப் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். இரண்டு முறை வாள்சண்டை. இரண்டாவதில் ஷெரிடன் பலத்த காயம்பட்டார். ஊரெல்லாம் அதே பேச்சு. 1773இல் திருமணம் முடிந்தது. அதன்பின் மனைவி கட்டணக் கச்சேரிகளில் பாடக் கூடாது என்று ஷெரிடன் தடுத்துவிட்டார். ஊர்வாயை மேடையில் அவ்வளவு கேலி செய்தவர், வீட்டில் அதற்குப் பணிந்துதான் இருந்தார்.

நம் அக இலக்கியத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், வெளிப்படையாகப் பரவினால் அலர். அங்கே அலர் காதலுக்கு ஒரு வேலை செய்கிறது. மறைவாகச் சந்தித்தவர்களை மணத்தை நோக்கித் தள்ளுகிறது. ஷெரிடனின் லண்டனில் அலர் ஒரு தொழில். நாடகம் தொடங்கும்போதே லேடி ஸ்னீர்வெல் என்ற சீமாட்டி, ஸ்நேக் என்ற கூலியாளிடம், எந்தச் செய்தி எந்தப் பத்திரிகைக்குப் போயிற்று என்று கணக்குக் கேட்கிறாள். பெயர்களைக் கவனியுங்கள். ஸ்னீர்வெல் என்றால் ஏளனத்தில் கைதேர்ந்தவள். ஸ்நேக் பாம்பு. யாரையும் பழிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே எல்லோரையும் பழிப்பவள் பெயர் மிஸஸ் கேண்டர், அதாவது கள்ளமற்றவள். 'நான் சொன்னேன்னு சொல்லாதீங்க' என்று தொடங்கும் அந்த அம்மாளை உங்கள் தெருவிலும் நீங்கள் சந்தித்திருப்பீர்கள்.

வதந்தி எப்படி வளர்கிறது என்பதை ஐந்தாம் அங்கத்தில் ஷெரிடன் செய்து காட்டுகிறார். சர் பீட்டர் டீசில் என்ற கிழவர் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. வாள்சண்டை என்கிறார் ஒருவர். வாள் இல்லை, துப்பாக்கி என்கிறார் அடுத்தவர். சந்தேகம் வந்தால் விவரத்தைக் கூட்ட வேண்டும் என்பது வதந்தியின் விதி. எனவே குண்டு எங்கே போயிற்று என்பதும் வந்துவிடுகிறது. அடுப்பங்கரை மாடத்தில் இருந்த ஷேக்ஸ்பியர் வெண்கலச் சிலையில் பட்டு, செங்கோணமாகத் திரும்பி, சன்னல் வழியே வெளியேறி, இரட்டைத் தாள் கடிதத்தோடு வாசலுக்கு வந்த தபால்காரரைக் காயப்படுத்திவிட்டதாம். கடிதம் எந்த மாவட்டத்திலிருந்து வந்தது என்பதுகூடத் தெரிந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்துச் சர் பீட்டர் ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே நுழைகிறார். பொய்யை நம்ப வைப்பது அந்த மாவட்டத்தின் பெயர்தான். செய்தி எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

ஆனால் வம்பர்கள் நாடகத்தின் ஓரத்தில் நிற்பவர்கள். நடுவில் நிற்பவர்கள் இரண்டு சகோதரர்கள். மூத்தவன் ஜோசஃப் சர்ஃபேஸ், இளையவன் சார்லஸ் சர்ஃபேஸ். குடும்பப் பெயருக்கே மேற்பரப்பு என்று பொருள். ஜோசஃப் வாயைத் திறந்தால் அறநூல். ஊரே அவனைக் கொண்டாடுகிறது. சார்லஸ் குடி, கடன், கூத்து. கண்ணீர் நாடகத்தின் கதாநாயகனுக்கு எல்லா இலக்கணமும் ஜோசஃபிடம் இருக்கிறது, அவன்தான் வில்லன். ஐம்பது ஆண்டாக மேடையில் கேட்ட பொன்மொழிகளை எல்லாம் ஒரு அயோக்கியன் வாயில் வைத்துவிட்டார் ஷெரிடன். கோல்ட்ஸ்மித் கட்டுரை எழுதிச் சொன்னதை இவர் ஒரு பாத்திரத்தில் முடித்துவிட்டார்.

இப்போது தட்டிக்கு வருகிறேன். இடம் ஜோசஃபின் நூலக அறை. சர் பீட்டரின் இளம் மனைவி லேடி டீசில் வந்திருக்கிறாள். கிராமத்திலிருந்து வந்து ஆறே மாதத்தில் நகரத்து மோஸ்தரைக் கரைத்துக் குடித்தவள். அவளைப் பற்றி ஏற்கெனவே வம்பு கிளம்பிவிட்டது. ஜோசஃப் அவளுக்கு ஒரு தர்க்கம் சொல்கிறான்: குற்றம் செய்யாததால்தான் நீங்கள் கவலையில்லாமல் நடந்து பேச்சுக்கு இடம் கொடுக்கிறீர்கள், ஒரு குற்றம் செய்துவிட்டால் எச்சரிக்கை வந்துவிடும், பெயர் காப்பாற்றப்படும். அபாரமான தர்க்கம். அவள் மயங்கவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை. அப்போது சர் பீட்டர் வருகிறார். அவள் தட்டிக்குப் பின்னால் ஒளிகிறாள்.

கணவர் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிறார். மனைவிக்கும் சார்லசுக்கும் தொடர்பு என்று சந்தேகம். அப்படியே இருந்தாலும் அவளுக்கு ஆண்டுக்கு 800 பவுண்டு தனியாக எழுதிவைக்கப் போகிறேன், என் காலத்துக்குப் பின் பெரும்பகுதி அவளுக்கே, இப்போது அவளிடம் சொல்லாதே என்கிறார். தட்டிக்குப் பின்னால் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிறகு சார்லஸ் வருகிறான். அவன் வாயைப் பிடுங்கிப் பார்க்க, கிழவர் தட்டிக்குப் பின்னால் ஒளியப் பார்க்கிறார். அங்கே ஒரு பாவாடை தெரிகிறது. பிரெஞ்சுத் தையல்காரிப் பெண் ஒருத்தி என்று ஜோசஃப் அசடு வழிகிறான். கிழவர் குறும்பாகச் சிரித்துவிட்டுப் பக்கத்திலிருந்த அலமாரி அறைக்குள் போகிறார். சார்லஸ் விவரம் தெரியாமல், உனக்கும் லேடி டீசிலுக்கும்தானே ஏதோ என்று அண்ணனையே கேட்கிறான். பதறிய ஜோசஃப், கிழவர் உள்ளே இருப்பதைச் சொல்லிவிட, சார்லஸ் அவரை இழுத்து வெளியே விடுகிறான். ஜோசஃப் வேறொரு விருந்தாளியைத் தடுக்க வெளியே போன அரை நிமிடத்தில், கிழவர் சந்தோஷத்தில் தையல்காரியைப் பற்றி உளறுகிறார். ஜோசஃப் திரும்பி நுழையவும் சார்லஸ் தட்டியைத் தள்ளிவிடவும் சரியாக இருக்கிறது.

ரெனால்ட்ஸ் ஓடியது அப்போதுதான். ஆனால் நாற்பது ஆண்டு இந்தக் காட்சியை வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், சிரிப்பு அடங்கியபின் வரும் நிமிடம் அதைவிடப் பெரியது. நான்கு பேர் நிற்கிறார்கள். சார்லஸ் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக் கேலியாக விளக்கம் கேட்கிறான். யாருக்கும் பேச்சு இல்லை. வம்பு பேசியே நடந்த ஒரு நாடகத்தில், பேச ஒன்றும் இல்லாத நேரம். ஜோசஃப் ஒரு பொய்யைத் தொடங்கி லேடி டீசிலைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறான். அவள் மறுத்துவிடுகிறாள். நீ சொல்வதில் ஒரு சொல்லும் உண்மையில்லை என்று கணவர் முன்னால் போட்டு உடைக்கிறாள். அவளை மாற்றியது அறநூல் இல்லை, தட்டிக்குப் பின்னால் கேட்ட கணவரின் பேச்சு. அன்று அந்தப் பாத்திரத்தில் நடித்த ஃபிரான்சிஸ் ஆபிங்டன் நாற்பதை எட்டியவர், சிறுவயதில் தெருவில் பூ விற்றவர் என்று சொல்லப்பட்டவர். நாட்டுப்புறத்துப் பெண் நகரத்துச் சீமாட்டியாக நடிப்பது எப்படி என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது. ஜோசஃபாக நடித்த ஜான் பாமருக்கு நண்பர்கள் வைத்திருந்த பட்டப்பெயர், நம்பும்படி பேசுகிறவன் என்ற பொருளில் 'பிளாசிபிள் ஜாக்'.

நாடகம் கிட்டத்தட்ட அரங்கேறாமலே போயிருக்கும். அதில் மோசஸ் என்று ஒரு வட்டிக்கடைக்காரர் வருகிறார். வயதுவராத பிள்ளைகளுக்குக் கடன் கொடுப்பதாக அப்போது குற்றம்சாட்டப்பட்ட ஹாப்கின்ஸ் என்ற நகரத் தேர்தல் வேட்பாளரைக் குறிப்பதாகச் சந்தேகித்து, உரிமத்தை மறுத்துவிட்டார்கள். ஷெரிடன் நேரே லார்ட் சேம்பர்லினிடம் போய்ப் பேசி வாங்கி வந்தார். தணிக்கையாளர் பயந்தது உள்ளூர் ஹாப்கின்சுக்கு. யூதர் என்பதற்காகவே மோசசின் மேல் விழும் கேலிகளைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை. இன்று அந்தக் காட்சிகளைப் படிக்கும்போது எனக்கு உறுத்துகிறது.

இனி விழாத தட்டி. ஒரு ஆண்டு, பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, 'சார், அந்தப் பெரியப்பாவுக்கு அவ்வளவு பணம் எப்படி வந்தது?' என்று கேட்டாள். 'அங்கிள்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்ற கவலை கிடையாது. வகுப்பில் நாங்கள் பெரியப்பா என்றே வைத்திருந்தோம். சர் ஆலிவர் சர்ஃபேஸ். பல ஆண்டு கிழக்கிந்தியாவில் இருந்து பெரும் செல்வத்தோடு திரும்பியவர். யாரை வாரிசாக்குவது என்று சோதிக்க, ஏழை உறவினர் ஸ்டான்லியாக வேடமிட்டு ஜோசஃபிடம் போகிறார். பணக்காரப் பெரியப்பா உமக்கு அனுப்புவாரே என்று கேட்கிறார். என்ன பெரிதாக அனுப்பிவிட்டார், கொஞ்சம் தேயிலை, அவதாவத் பறவைகள், இந்தியப் பட்டாசு என்று கைவிரிக்கிறான் ஜோசஃப். அவர் அனுப்பியது 12,000 பவுண்டு. அரங்கு சிரிக்கிறது.

அவதாவத் என்பது நம் வயல்வெளிச் சிவப்புச் சில்லை. அகமதாபாத் என்ற ஊர்ப்பெயர் ஆங்கில வாயில் நொறுங்கி அந்தக் குருவிக்குப் பெயரானது. கூண்டில் அடைத்து லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். 12,000 பவுண்டை மறைக்க ஜோசஃப் ஒரு குருவிக்கூண்டைப் பிடித்து நீட்டுகிறான். அவன் நன்றிகெட்டவன் என்று சிரித்து முடிக்கிறோம். என் மாணவி சிரிப்பை அங்கே முடிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் நல்ல பதில் இல்லை. 'வியாபாரம்' என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

சிரித்த கூட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. ஐந்து ஆண்டுக்கு முன்னால் அதே ஃபூட் 'தி நேபாப்' என்று ஒரு நாடகம் போட்டிருந்தார். நம் நவாப் என்ற சொல்தான் அங்கே நேபாப் ஆனது. கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்து கொள்ளைப் பணத்தோடு திரும்பி, நாடாளுமன்ற இடத்தையும் பழைய குடும்பத்துப் பெண்ணையும் விலைக்குக் கேட்கும் ஆங்கிலேயனுக்கு அந்தப் பெயர். 1770இன் வங்காளப் பஞ்சம், கிளைவ் மீது நாடாளுமன்ற விசாரணை, எல்லாம் காற்றில் இருந்த காலம். ஃபூட்டின் நேபாப் கெட்டவன். ஷெரிடன் அவனைத் துடைத்து, நரைத்த தலையும் நல்ல மனமும் உள்ள பெரியப்பாவாக உட்கார வைத்தார்.

நம் பக்கத்து நவாப், ஆற்காட்டு முகமது அலி. அவருக்குக் கடன் கொடுத்தே நேபாப் ஆனவர்கள் சென்னைக் கோட்டையில் பலர். 1773இல் கம்பெனிப் படை தஞ்சாவூரைப் பிடித்து நவாபிடம் கொடுத்தது. மன்னர் துளஜா சிறைப்பட்டார். 1776இல் ஆளுநர் பிகாட் தஞ்சையை மன்னரிடம் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி ஊழியர் குறுக்கே வந்தார். தஞ்சை வருவாயிலிருந்து தனக்கு 2,34,000 பவுண்டு வரவேண்டும் என்றார். அவருடைய சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு. காவிரிப் பாசனத்து விளைச்சல்மேல் ஒரு குமாஸ்தாவின் கடன்பத்திரம். பிகாட் அதை ஏற்க மறுக்க, அந்த ஆகஸ்டு 24ஆம் நாள் அவருடைய ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மையினரே அவரைக் கைது செய்தார்கள். காவலில் இருந்தபடியே அவர் சென்னையில் இறந்தார். நாள், 1777 மே 11. ட்ரூரி லேனில் தட்டி விழுந்து மூன்றாவது நாள்.

பிகாட் சுத்தமானவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரும் முந்தைய பதவிக்காலத்தில் வைரமும் பணமுமாகச் சேர்த்துப் போனவர்தான். நாடகத்துக்கும் இந்தச் சாவுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. மரணச் செய்தி கப்பலேறி லண்டன் போய்ச் சேரவே பல மாதம் ஆகியிருக்கும். ஒரே வாரத்தில், பணம் கிளம்பிய ஊரில் ஒன்றும் பணம் போய்ச்சேர்ந்த ஊரில் ஒன்றும் நடந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

ஷெரிடனே பிறகு அந்தப் பக்கம் திரும்பினார் என்பதுதான் வேடிக்கை. 1780இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 1785இல் அவருடைய சக உறுப்பினர் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றிப் புகழ்பெற்ற உரை ஆற்றினார். 1787 பிப்ரவரி 7இல் ஷெரிடன் எழுந்து, அவுத் பேகம்களின் செல்வத்தைப் பறித்ததாக, வங்காளத்தில் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ்மேல் ஐந்து மணி நாற்பது நிமிடம் பேசினார். இந்தப் பேச்சின் மயக்கத்தில் முடிவெடுக்கக் கூடாது என்று அவையையே ஒத்திவைத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில், வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ஹேஸ்டிங்ஸ்மேல் நடந்த விசாரணையில் நான்கு நாள் பேச்சு. அனுமதிச் சீட்டு 50 கினிவரை விலைபோனதாகச் சொல்வார்கள். பேசி முடித்ததும் பர்க்கின் கைகளில் சாய்ந்தார். வரலாற்றாசிரியர் கிப்பன் அதைப் பார்த்துவிட்டு, நல்ல நடிகர் என்று கடிதம் எழுதினார். மறுநாள் போய்ப் பார்த்தால் முழு நலமாக இருந்தாராம். 1795இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார்.

நடிப்பா, உண்மையா? இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தால் ஷெரிடன் நாடகமே எழுதியிருக்க மாட்டார். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பத்து ஆண்டுக்கு முன்னால் மேடையில் அவர் கேட்காமல் விட்ட கேள்விதான், பின்வரிசை மாணவி கேட்டதும். நாடகத்தில் அதைக் கேட்டிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும். ட்ரூரி லேன் பங்கை வாங்கப் பட்ட கடன் தலைமேல் இருக்க, அந்த அரங்கின் நிர்வாகியாகவும் இருந்த ஷெரிடனுக்கு அது கட்டுப்படியாகாது. பின்னால் அந்த அரங்கமும் 1809 பிப்ரவரி 24 இரவு எரிந்து போயிற்று. 1816இல் அவர் கண்மூடியபோது வாசலில் கடன்காரர்கள்.

கடைசியாக ஏலக் காட்சி. எனக்குத் தட்டிக் காட்சியைவிடப் பிடித்தது. சர் ஆலிவர் இன்னொரு வேடத்தில், பிரீமியம் என்ற வட்டிக்காரராகச் சார்லஸிடம் வருகிறார். சார்லஸிடம் விற்க ஒன்றும் மிச்சமில்லை. பெரியப்பாவின் சாவை ஈடாக வைத்தே கடன் கேட்கிறான். அந்த ஊர் வெயிலில் உடம்பு கெட்டுவிட்டதாம், ஆளே மாறிவிட்டாராம், நெருங்கிய சொந்தத்துக்கே அடையாளம் தெரியாதாம் என்று அவர் முகத்தைப் பார்த்தே பேசுகிறார்கள். அது பலிக்காமல் போக, மூதாதையர் படங்களை ஏலம் போடுகிறான். சுத்தியலுக்குப் பதில் வம்சாவளிச் சுருள். மால்பிளாக்கே போரில் சண்டையிட்ட தாத்தா வழித் தளபதி 10 பவுண்டுக்குப் போகிறார். ஆடு மேய்ப்பது போல உட்கார்ந்திருக்கும் டெபோரா பாட்டி, ஆடுகளோடு சேர்த்து ஐந்தரை பவுண்டு. நீதிபதி, நகர மேயர் எல்லோரும் போகிறார்கள், மிச்சக் குடும்பம் மொத்தமாகப் போகிறது. ஒரே ஒரு சிறிய படம் மட்டும் இருக்கைக்கு மேலே தொங்குகிறது. அழகில்லாத ஒரு முகம். மற்ற எல்லாவற்றுக்கும் கொடுத்த பணத்தை அது ஒன்றுக்கே தருகிறேன் என்கிறார் கிழவர். சார்லஸ் மறுத்துவிடுகிறான். அவர் எனக்கு நல்லது செய்தவர், எனக்கு ஒரு அறை இருக்கும்வரை அந்தப் படமும் இருக்கும் என்கிறான். கிழவருக்குக் கண் கலங்குகிறது. கண்ணீர் நாடகத்தைக் கொன்றவர் என்று பெயரெடுத்த ஷெரிடன், அந்த இடத்தில் நம்மையும் கொஞ்சம் கலங்க வைக்கிறார்.

அது சர் ஆலிவரின் படம். அவர் இந்தியாவுக்குப் போவதற்கு முன்னால் வரைந்தது.